மாடல் நிகோ, ஆர்மோனிய நிகோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிகோவைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலருக்கு, ஓவியர் ஆண்டி வார்ஹாலின் கூட்டத்தில் இருந்த பொன்னிறக் கூந்தல் அழகி என்ற அளவில்தான் தெரியும். அவரே எழுதி, அவரே மெட்டமைத்து, ஆர்மோனியம் மிதித்துப் பாடிய பாடல்கள் அந்தப் புகைப்படங்களுக்குப் பின்னால் மறைந்து கிடப்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

யாருங்க இந்த நிகோ? பேரே கேள்விப்பட்டதில்லையே.

ஜெர்மனியில் பிறந்து, பாரிஸில் மாடலாகப் பேரெடுத்து, நியூயார்க்கில் பாடகியானவர். 1980களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வாழ்ந்தார். 1938 அக்டோபர் 16-இல் கொலோன் நகரில் பிறந்தார். 1988 ஜூலை 18-இல் ஸ்பெயினின் இபிசா தீவில் இறந்தார். 50 வயது நிறையவில்லை.

ஸ்டுடியோவில் பதிவு செய்த தனி ஆல்பங்கள் மொத்தம் ஆறு. எதுவும் பெரிதாக விற்கவில்லை. ஆனால் இருண்ட, மெதுவான, தாளத்தை நம்பாத மேற்கத்திய இசை எதைக் கேட்டாலும், கொஞ்சம் பின்னால் போனால் இவரிடம் வந்து நிற்கும்.

நிகோங்கிறது சொந்தப் பேரா?

இல்லை. சொந்தப் பெயர் கிறிஸ்டா பேஃப்கன். கொலோனில் பீர் வடித்து விற்ற பழைய குடும்பம் அது. அப்பா இரண்டாம் உலகப் போரில் இறந்துபோனார். அம்மாவோடு சிறுமி பெர்லின் பக்கம் வந்து, போரின் கடைசிக் காலத்தை லூபெனாவ் என்ற சிற்றூரில் தாத்தா வீட்டில் கழித்தாள். பிறகு இடிந்து கிடந்த பெர்லினில் வளர்ந்தாள்.

பதின்ம வயதிலேயே மாடலிங் தொடங்கிவிட்டது. புகைப்படக்காரர் ஹெர்பர்ட் டோபியாஸ்தான் 'நிகோ' என்று பெயர் வைத்தார். அது டோபியாஸுக்கு நெருக்கமான நிகோஸ் பபடாகிஸ் என்ற திரைப்படக்காரரின் பெயர். ஆக, ஆண் பெயர். வாழ்நாள் முழுக்க அதையே வைத்துக்கொண்டார்.

மாடலிங்கில உண்மையிலேயே பெரிய ஆளா, இல்ல பின்னாடி சேர்த்துச் சொன்ன கதையா?

உண்மைதான். பெர்லினின் பெரிய கடையான காடேவேயில் ஆரம்பித்து, 1950களின் நடுவில் பாரிஸுக்குப் போய், 'வோக்', 'எல்' போன்ற பத்திரிகைகளுக்குப் படமெடுக்க நின்றவர். இத்தாலிய இயக்குநர் ஃபெலினி 1960-இல் வெளியிட்ட 'லா டோல்சே வீட்டா' படத்தில் நிகோவாகவே ஒரு சிறு வேடத்தில் வருகிறார். நியூயார்க்கில் புகழ்பெற்ற நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பர்க்கிடம் நடிப்பும் படித்தார். 1963-இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் கதாநாயகி.

இந்தத் தொழில் அவருக்குச் சம்பாத்தியம் கொடுத்தது, நான்கைந்து மொழிகள் கொடுத்தது. நிறைவு மட்டும் கொடுக்கவில்லை. பின்னாளில் அதை அவர் மதிப்போடு பேசியதே அரிது.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பாடகிதானே? எல்லாப் பாட்டும் அவர் பாடியதா?

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ஒரு நியூயார்க் ராக் குழு. அதன் 1967 ஆல்பத்தில் மூன்று பாடல்களில் மட்டும்தான் அவர் முதன்மைக் குரல்: 'ஃபெம் ஃபட்டால்', 'ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்', 'ஐ வில் பி யுவர் மிரர்'. 'சண்டே மார்னிங்' பாட்டில் பின்குரல். அவர் முதன்மையாகப் பாடிய மூன்றையும் எழுதியவர் குழுவின் பாடகர் லூ ரீட். நிகோவைக் குழுவுக்குள் கொண்டுவந்தவர்கள் வார்ஹாலும் அவருடைய கூட்டாளி பால் மாரிஸியும். குழுவுக்கு அதில் அவ்வளவாக இஷ்டமில்லை. ஆல்பத்தின் பெயரே 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிகோ'. அந்த 'அண்ட்' சொல்லிலேயே அவரைத் தள்ளி உட்கார வைத்தது தெரிகிறது.

அதற்கு முன்பே 1965-இல் லண்டனில் ஒரு சிங்கிள் வெளியிட்டிருந்தார். பின்னாளில் லெட் செப்பலின் என்ற ராக் குழுவைத் தொடங்கிய ஜிம்மி பேஜ்தான் அதைத் தயாரித்தார். கேட்க இனிமையாக இருக்கும்; ஆனால் நான் சொல்ல வரும் நிகோ அதில் இல்லை.

முதல் தனி ஆல்பம் 'செல்சீ கேர்ள்' நல்லாத்தானே இருக்கு? அவருக்கே ஏன் பிடிக்கலைங்கிறாங்க?

1967-இல் வந்தது. பாடல்கள் லூ ரீட், வெல்வெட் அண்டர்கிரவுண்டில் வயோலா வாசித்த ஜான் கேல், பாப் டிலன், அப்போது பதின்ம வயதில் இருந்த ஜாக்சன் பிரவுன் ஆகியோருடையவை. 'தீஸ் டேஸ்' பாட்டை இன்றைக்கும் பலர் தேடிக் கேட்கிறார்கள். பிரவுனின் கிட்டாரும் நிகோவின் கனத்த குரலும் சேர்ந்தால் மனசு இளகத்தான் செய்கிறது.

பதிவு முடிந்த பிறகு தயாரிப்பாளர் டாம் வில்சன், லாரி ஃபேலன் என்ற இசை ஒழுங்கமைப்பாளரை வைத்துத் தந்திகளும் புல்லாங்குழலும் சேர்த்தார். நிகோ டிரம்ஸ் கேட்டார், கிடைக்கவில்லை. இன்னும் கிட்டார் கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. எளிமையாக இருக்கட்டும் என்றார், புல்லாங்குழலால் மூடிவிட்டார்கள். ஆல்பத்தை முதலில் கேட்டபோது அந்தப் புல்லாங்குழலுக்காகவே அழுததாகப் பிற்பாடு சொன்னார். மற்றவர் எழுதிய பாட்டு, மற்றவர் பூசிய பூச்சு. அடுத்த ஆல்பம் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது.

திடீர்னு ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? நம்ம ஊர் ஆர்மோனியப் பெட்டியா?

1967 கோடையில் கலிஃபோர்னியாவில் 'தி டோர்ஸ்' குழுவின் ஜிம் மாரிசனோடு நெருங்கிப் பழகினார். சொந்தமாகப் பாட்டு எழுது, காணும் கனவுகளைக் குறித்து வை என்று தூண்டியவர் மாரிசன்தான். எழுதுவதற்குத் துணையாக ஒரு வாத்தியம் வேண்டும். கிட்டார் தெரியாது, பியானோவும் முறையாகப் படிக்கவில்லை. கையில் கிடைத்தது ஒரு சிறிய ஆர்மோனியம்.

அது நாம் தரையில் உட்கார்ந்து இடது கையால் துருத்தி அமுக்கி வாசிக்கும் பெட்டி இல்லை. கால்களால் மிதித்துக் காற்றேற்றி இரண்டு கைகளாலும் வாசிக்கும் ஐரோப்பிய வகை. நம் இசை நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் மிதித்து வாசிப்பாரே, அந்த முறை. வாத்தியமே அங்கிருந்து இங்கு வந்ததுதான்: பாரிஸில் தெபான் 1842-இல் காப்புரிமை எடுத்தார், பாதிரியார்களோடு இந்தியாவுக்குக் கப்பலேறியது, பிறகு கல்கத்தாவில் கைத்துருத்தி வைத்த வடிவம் பிறந்தது.

ஆர்மோனியத்தில் கமகம் வராது என்று சொல்லி 1940-இலிருந்து 30 ஆண்டுகள் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கி வைத்திருந்தது நமக்குத் தெரிந்த கதை. நிகோவுக்கு அந்தக் குறையே வசதியாகப் போனது. அவர் மெட்டுகள் குழைவதில்லை. ஒவ்வொரு சுரமாக, படியேறுகிற மாதிரி, நேராக நடக்கும். அடியில் விடாத ரீங்காரம். தம்புராவின் ஆதார சுருதியில் ஊறிய காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

சரி, ஆனா இசையெல்லாம் ஜான் கேல் பண்ணினதுதானே? இவர் சும்மா பாடினார்.

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. என்னை அதிகம் வருத்தும் கேள்வியும் இதுதான்.

1968 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் 'தி மார்பிள் இண்டெக்ஸ்' ஆல்பம் பதிவானது. எலெக்ட்ரா நிறுவனத்துக்காக, நான்கே நாளில். எட்டுப் பாடல்கள், அரை மணி நேரம். சொல்லும் மெட்டும் முழுக்க நிகோவுடையவை. வேலை நடந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் நிகோ ஆர்மோனியம் வாசித்துப் பாடிய பதிவு. அதன்மேல்தான் கேல் வயோலா, பியானோ, மணிகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். ஆர்மோனியம் மற்ற வாத்தியங்களோடு சரியாகச் சுருதி சேரவில்லை. அதனால் கேல்தான் அதற்கேற்பத் தன் வாத்தியங்களைத் தேட வேண்டியிருந்தது. சில பாடல்களில் ஆர்மோனியத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிலும் கட்டினார். எப்படியிருந்தாலும் பாட்டின் எலும்பு நிகோவுடையது.

கேலின் பங்கு சின்னது என்று சொல்லவே மாட்டேன். பரிசோதனை இசையமைப்பாளர் லா மான்ட் யங்கின் குழுவில் மணிக்கணக்கில் ஒரே சுரத்தை நீட்டி வாசித்துப் பழகிய கை அது. நிகோவின் ரீங்காரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு இருந்தவர்களில் அவருக்குத்தான் புரிந்தது. ஆனால் அடுத்து வந்த 'டெஸர்ட்ஷோர்' ஆல்பத்தில் வரும் 'ஜானிட்டர் ஆஃப் லூனஸி' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கிட்டத்தட்ட ஆர்மோனியமும் குரலும் மட்டும்தான். எதுவும் குறையவில்லை.

'மார்பிள் இண்டெக்ஸ்' கேட்டேன், தலைவலிதான் வந்தது. இதை எப்படித்தான் கேட்கிறது?

வரும். தயாரிப்பாளர் ஃப்ரேசியர் மோஹாக்கே அது கேட்பதற்கான இசைத்தட்டு இல்லை, விழுவதற்கான பள்ளம் என்று சொன்னவர். டிரம்ஸ் இல்லை, பல்லவி திரும்பி வந்து கைகொடுக்காது, இதோ உச்சம் என்று காட்டுகிற இடமும் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே ஓடவிட்டால் இம்சைதான்.

'ஈவனிங் ஆஃப் லைட்' என்ற கடைசிப் பாட்டை மட்டும் இரவில், ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் மெல்லிய கண்ணாடி உரசல் மாதிரி மேலே மினுக்கும் சிறு சுரங்கள். நிகோ அவசரமே இல்லாமல் பாடுகிறார். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து வயோலா கீச்சிடத் தொடங்கும். அதற்கும் கீழே ஓர் உறுமல். மினுக்கம் நிற்கவில்லை, குரலும் வேகம் கூட்டவில்லை, ஆனால் சுற்றியிருக்கும் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் குரல் போய், சத்தம் தனியாக நின்று சரிகிறது. ஐந்தரை நிமிடம். ராகம் போய்ச் சேரும் இடத்தை எதிர்பார்க்காமல், ஓசை தடித்துக்கொண்டே போவதைக் கவனித்தால் பாட்டு திறந்துகொள்ளும்.

உண்மையச் சொல்லுங்க, அவருக்குப் பாட வருமா? சுருதி விலகுதே.

சில இடங்களில் விலகத்தான் செய்கிறது, குறிப்பாக மேடைப் பதிவுகளில். ஆனால் 'பாட வராது' என்பது தவறு. பெண் குரல்களில் மிகக் கீழ்ப் பகுதியில் இருக்கும் குரல் அது. அசைவு சேர்க்காமல், நடுக்கம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் கடைசிவரை பிடித்து விடுகிறார். ஜெர்மன் உச்சரிப்பில் ஆங்கிலச் சொற்கள் கல்லில் செதுக்கின மாதிரி விழுகின்றன.

'ஃப்ரோசன் வார்னிங்ஸ்' கேட்டால் சந்தேகம் தீரும். துணை அதிகம் இல்லாமல் குரல் ஆரம்பிக்கிறது, பின்னணி பிறகு மெதுவாக வந்து சேர்கிறது. சுருதி பிடிக்கத் தெரியாதவர் அப்படி ஒரு பாட்டைத் தொடங்க முடியாது.

வரிகள் ஒண்ணும் விளங்கலை. எதைப் பத்தித்தான் பாடுறார்?

கதை சொல்லும் பாட்டுகள் இல்லை. காற்று, பாலைவனம், நள்ளிரவு, துறவி, உறைந்துபோன நிலம் என்று படங்கள்தான் வரும். பிளேக், கோல்ரிட்ஜ், வேர்ட்ஸ்வொர்த் போன்ற ஆங்கிலக் கவிகளைப் படித்தவர். 'மார்பிள் இண்டெக்ஸ்' என்ற தலைப்பே, நியூட்டனின் சிலையைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதிய ஒரு வரியிலிருந்து எடுத்தது. போர் முடிந்த பெர்லினில் வளர்ந்ததை மேலே சொன்னேன். அந்த இடிபாடுதான் இந்தப் பாடல்களின் தரை என்பது என் எண்ணம்.

வீட்டு விஷயமும் இருக்கிறது. 'ஆரீஸ் சாங்' 1962-இல் பிறந்த மகன் ஆரிக்குப் பாடிய தாலாட்டு. ஆரியைப் பெரும்பாலும் வளர்த்தவர் நடிகர் அலன் தெலோனின் தாயார். தெலோன் கடைசிவரை தான் தந்தை என்று ஏற்கவில்லை. 1970-இல் வந்த 'டெஸர்ட்ஷோர்' ஆல்பத்தில் ஆரியே பிரெஞ்சில் ஒரு சின்னப் பாட்டுப் பாடுகிறான். அதே ஆல்பத்தில் அம்மாவுக்காக ஜெர்மனில் எழுதிய 'மியூட்டர்லைன்' இருக்கிறது. கூடவே இருக்க முடியாத மகனும், உடல்நலம் குன்றி இறந்துபோன அம்மாவும் ஒரே இசைத்தட்டில்.

அழகை வேணும்னே கெடுத்துக்கிட்டாராமே?

மாற்றிக்கொண்டார், வேண்டுமென்றே. 1960களின் இறுதியில் பொன்னிற முடிக்கு மருதாணிச் சிவப்பு ஏற்றினார், பிறகு கறுத்த நிறம். வெள்ளை உடுப்பு போய், கனமான கறுப்பு அங்கியும் பூட்ஸும் வந்தன. அழகி என்று கூப்பிடுவது அவருக்குச் சலித்திருந்தது. பாட்டைக் கேட்க வருபவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவது அதைவிடச் சலித்திருந்தது. இதைச் சீரழிவு என்று எழுதுவோர் உண்டு. முதல் தடவையாகத் தன் தோற்றத்தைத் தானே முடிவு செய்த பெண்ணை நான் அங்கே பார்க்கிறேன்.

போதை உடம்பைத் தின்றது வேறு விஷயம். அதற்கு அடுத்து வருகிறேன்.

ஹெராயின் பழக்கம்தான் அவர் இசைக்குக் காரணமா?

இல்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பழக்கம் இருந்தது. பல் போனது, பணம் போனது, 1974-க்கும் 1981-க்கும் நடுவில் ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூட வரவில்லை. இசையை அது கொடுத்தது என்பதைவிட, வந்திருக்க வேண்டிய இசையைப் பறித்தது என்பதுதான் பொருந்தும்.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றை மறக்க முடியாது. 1978-இல் அவருடைய ஆர்மோனியம் திருட்டுப் போய்விட்டது. கையில் காசில்லை, வாத்தியம் இல்லாமல் கச்சேரியும் செய்ய முடியாது. பாரிஸில் ஒரு கடையில் பச்சைத் துருத்தி வைத்த ஆர்மோனியம் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. பாடகி பேட்டி ஸ்மித் அதை வாங்கிக் கொடுத்தார். பணம் வந்ததும் திருப்பித் தருகிறேன் என்று நிகோ சொல்ல, இது பரிசு, பணத்தை மறந்துவிடுங்கள் என்றார் பேட்டி. சந்தோஷமும் கூச்சமும் சேர்ந்து அழுதுவிட்டதாக நிகோ நினைவுகூர்ந்திருக்கிறார்.

இனவெறியோட பேசினவர்னு படிச்சேன். அப்படிப்பட்டவரைக் கேட்கலாமா?

படித்தது சரி. கறுப்பினத்தவரையும் யூதர்களையும் பற்றி இழிவாகப் பேசினார் என்று அவரோடு பழகியவர்களே சொல்லியிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் கறுப்பினப் பெண் ஒருவரை உடைந்த கண்ணாடியால் தாக்கியதும் அவர்கள் சொன்னதுதான். 1974-இல் வந்த 'தி எண்ட்' ஆல்பத்தில், நாஜிக் காலத்தோடு ஒட்டிக்கொண்டதால் அரசு விழாக்களில் பாடப்படாமல் விடப்பட்ட வரிகளையும் சேர்த்து ஜெர்மன் கீதத்தைப் பாடினார். மேடையில் அதைத் தீவிர இடதுசாரி ஆயுதக் குழுத் தலைவர் ஒருவருக்குச் சமர்ப்பித்தார். அதனால் அந்தப் பாட்டை ஒரே வார்த்தையில் வகைப்படுத்த முடியாது. தாக்குதலும் பேச்சும் அப்படியல்ல. அவை தவறு, கலைஞர் என்பதால் சிறிதாகிவிடாது.

நான் கேட்கிறேன், தெரிந்துகொண்டே கேட்கிறேன். கேட்க மாட்டேன் என்பவரிடம் வாதாட மாட்டேன்.

யாருக்கும் தெரியாதவர் எப்படி இத்தனை பேர்மேல செல்வாக்கு செலுத்த முடியும்?

இசைக்காரர்கள் கேட்டார்கள், அதுதான் விஷயம். 1970களின் இறுதியில் பிரிட்டனில் பங்க் என்ற முரட்டு ராக் முடிந்து, கோத் என்ற இருண்ட இசைப் பாணி பிறந்த நேரத்தில், சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் குழு 1978-இல் அவரைத் தங்கள் சுற்றுப்பயணத்துக்கு அழைத்தது. பங்க் ரசிகர்கள் தனியாக ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தவர்மேல் பீர் கேன்களை எறிந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோத் இசைக் குழுவான பௌஹாஸின் பீட்டர் மர்ஃபி 1981-இல் அவரோடு சேர்ந்தே மேடையில் பாடினார்.

தராப்பிங் கிரிஸில் என்ற பிரிட்டிஷ் பரிசோதனை இசைக் குழுவில் இருந்தவர்கள் 'டெஸர்ட்ஷோர்' ஆல்பத்தை முழுசாக மறுவாக்கம் செய்தார்கள், 2012-இல் வெளிவந்தது. ஆர்மோனிய ரீங்காரம், தனிக்குரல், தேவாலய எதிரொலி என்று இன்று யார் பாடினாலும் விமர்சகர்கள் முதலில் எழுதும் பெயர் நிகோதான்.

தேவாலயத்தில் கச்சேரி பண்ணி ஏதோ வம்பாச்சாமே?

1974 டிசம்பர் 13. பிரான்ஸில் அரசர்களுக்கு முடிசூட்டிய ரேம்ஸ் பேராலயம். நிகோவும் டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் மின்னணு இசைக் குழுவும். இடம் கொள்ளாத கூட்டம். நெரிசலில் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சிறுநீர் கழித்தவர்கள், புகைத்தவர்கள் என்று கதை நாறிவிட்டது. திருச்சபை கோபத்தில் கொந்தளித்தது. அந்த உயரமான கல் மண்டபத்தில் அவர் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்ப்பேன்.

எப்படி இறந்தார்? போதையாலா?

இல்லை. கடைசி ஆண்டுகளில் ஹெராயினை விட்டு, அதற்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையில் இருந்தார். 1988 ஜூலையில் மகனோடு இபிசாவில் தங்கியிருந்தபோது, வெயிலில் சைக்கிளில் போனவர் வழியில் விழுந்து கிடந்தார். டாக்சி ஓட்டுநர் ஒருவர் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிய நேரமாகிவிட்டது. பெர்லினில் க்ரூனவால்ட் காட்டுக் கல்லறையில் அம்மாவின் குழியிலேயே அடக்கம் செய்தார்கள். 'மியூட்டர்லைன்' டேப்பை அங்கே ஒலிக்கவிட்டார்கள்.

அதற்கு ஆறு வாரம் முன்பு பெர்லினில் ஒரு கோளரங்கத்தில் பாடியதுதான் கடைசிக் கச்சேரி.

கேட்கலாம்னு தோணுது. எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

'டெஸர்ட்ஷோர்' ஆல்பத்திலிருந்து. அரை மணிக்கும் குறைவு; மூன்று மொழிகள்; கேலின் கை இருந்தாலும் குரலும் ஆர்மோனியமும் தெளிவாக முன்னால் நிற்கும். அது பிடித்தால் 'தி மார்பிள் இண்டெக்ஸ்', மேலே சொன்ன மாதிரி இரவில். அப்புறம் 'தி எண்ட்'. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் சின்தசைசர் அதில் சேர்ந்திருக்கிறது.

'செல்சீ கேர்ள்' ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைக் கேட்டுவிட்டு வருபவர்கள் மற்றதிலும் அந்தக் கிட்டாரையே தேடி ஏமாந்துபோகிறார்கள். 1985-இல் வந்த 'கேமரா அப்ஸ்கியூரா' சிலருக்குப் பிடிக்கும். அதன் எந்திரத் தாளம் எனக்கு ஒட்டவில்லை. மேடைப் பதிவுகள் ஏராளம் கிடைக்கின்றன, தரம் ஏறி இறங்கும். தனியாக ஆர்மோனியத்தோடு பாடியது என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள்.